எந்த அம்மணிங்க?

போன தை மாதம் நான் கோயம்புத்தூர் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு சின்ன அரங்கில் என் நாடகம் இருந்தது. நான் ஒருத்தியே நடிப்பது. பாதி நடனம், பாதி பேச்சு. பிறந்து வளர்ந்ததெல்லாம் மலேசியாவில், ஈப்போவில். நாடகத்தின் பெயர் ‘அம்மணி’. அது அப்பாவின் அக்கா பெயர். தாத்தா குடும்பத்தோடு கப்பலேறியபோது, பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குச் செலவு என்று அத்தையைப் பல்லடம் பக்கத்தில் மாமன் வீட்டிலேயே விட்டுவிட்டார். இதுதான் எங்கள் வீட்டுக் கதை. அப்போது அப்பாவுக்கு ஆறு வயது. சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

வியாழக்கிழமையே வந்து இறங்கிவிட்டேன். அத்தையின் ஆட்கள் யாராவது இருந்தால், மேடையேறும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் நாடகம் கிடையாது.

முதல் கோளாறு, உக்கடம் பேருந்து நிலையத்தில் போய் நின்றது. “பொள்ளாச்சிக்குன்னா இங்க நில்லுங்க. பல்லடத்துக்கு சிங்காநல்லூருங்க” என்றார் ஒரு நடத்துநர். திட்டினாரா, உபசரித்தாரா என்றே தெரியவில்லை, அப்படி ஒரு மரியாதை. சிங்காநல்லூரிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பல்லடத்தில் ஆட்டோ பிடித்தேன், மாமன் ஊருக்குப் போய்வர நானூறு ரூபாய்.

“யாரைப் பாக்கோணுங்க?” என்றார் ஓட்டுநர்.

“அம்மணி வீட்டுக்கு.”

“எந்த அம்மணிங்க? எங்க ஊட்டுப் புள்ளையும் அம்மணிதானுங்க. பொட்டப்புள்ளைய அப்படித்தான கூப்புடுவோம்? பேரு என்னங்க?”

அடக்கடவுளே! செல்லமாகக் கூப்பிடுவதைப் பெயர் என்று நினைத்து சுவரொட்டி வரைக்கும் அடித்தாயிற்று. ஆறு வயதுப் பையன் காதில் விழுந்தது அதுதானே, அவரை என்ன சொல்வது? கப்பலேறிப் போன குடும்பம் என்றதும் ஓட்டுநருக்குப் பிடிபட்டுவிட்டது. “அட, தறிக்காரம்மா ஊடுங்க!”

தறிக்காரம்மா அத்தையின் மகள். அறுபது வயதிருக்கும், சொந்தமாக விசைத்தறி ஓட்டுகிறார். அத்தை இறந்து நாலு வருடமாம். “வா அம்மணி” என்று என்னையும், “அம்மணி, தண்ணி கொண்டா” என்று ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பெண்ணையும் ஒரே மூச்சில் கூப்பிட்டார். தன்னை நான் ‘நங்கை’ என்று கூப்பிட வேண்டுமாம். மூத்த அத்தை மகளுக்கு அங்கே அதுதான் முறை.

வந்த விஷயத்தைச் சொன்னேன். நங்கையின் முகம் மாறிவிட்டது. “எங்கம்மாள மேடையில ஏத்தறதுன்னா மொதல்ல எனக்கு ஆடிக் காட்டு. பாத்துப்போட்டுத்தான் சொல்லுவேன்.” தறிகளை நிறுத்தச் சொன்னார்.

வாசலிலேயே ஆடினேன். குடும்பம் ஏறிப்போகும் மாட்டுவண்டிக்குப் பின்னால் அந்தப் பெண் கதறிக்கொண்டு ஓடி விழும் காட்சி. ஈப்போவில் அரங்கமே மூக்கைச் சிந்திய இடம். ஒடிசாப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“எங்கம்மா எங்க கண்ணு அழுதா? சோளத்தட்டுப் போருக்குள்ள பூந்து ஒளிஞ்சுக்கிட்டா! கூடக் கும்மி அடிக்கற புள்ளைகள உட்டுப்போட்டு அங்க போயி ரப்பர் பால் எடுக்கோணுமாக்கும்னு. அப்பன் தேடித் தேடிப் பாத்துப்போட்டு, கப்பலுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாரு. வண்டிச் சத்தம் ஓஞ்ச பொறகுதான் வெளிய வந்தாளாம்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடியும் காட்டினார். குனிந்து, வாயைப் பொத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. எனக்கோ தாத்தா மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகள் ஏய்த்துவிட்டாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, ‘நான்தான் விட்டுவிட்டு வந்தேன்’ என்றிருக்கிறார் மனுஷன். கல்நெஞ்சன் என்று பேர் வாங்கினால் பரவாயில்லையாம், மகள் சொல் கேட்கவில்லை என்பதுதான் அவமானமாம். அக்காவைத் தேடியது ஆறு வயதுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? அந்தப் பொய்யை நம்பி அப்பா ஆயுசு முழுக்க அழுதாரே!

“அழுவாச்சிய எடுத்துப்போடு, அப்பறம் ஆடு” என்றார் நங்கை. “பேரையும் சரியாப் போடு. மயிலாத்தா.”

என்னைப் போல் சொந்தம் தேடி இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: வீட்டில் கூப்பிட்ட பெயரை நம்பிக் கிளம்பாதீர்கள். யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்று விசாரியுங்கள், அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. தறி ஓடும்போது ஒரு வார்த்தை காதில் விழாது, ஆகவே சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போங்கள். ஊரிலிருந்து ஒரு முடிவோடு வந்திருந்தால் அதை மட்டும் கொஞ்சம் வாய்க்குள்ளேயே வைத்திருங்கள்.

ஞாயிறன்று சுவரொட்டியில் பெயர் மேல் தாள் ஒட்டினோம். மேடையில் நான் போருக்குள் குனிந்து வாயைப் பொத்தியதுமே முன்வரிசையில் நங்கை சிரிப்பது கேட்டது. தேடுகிறவர்களின் குரல்களை நானே பேசிப் பதிவு செய்திருந்தேன். முதலில் தாத்தா, அப்புறம் மாமன், கடைசியாக ஆறு வயதுப் பையன். “அக்கா... அக்கா...” என் அப்பா. ஒத்திகையில் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு மட்டும், எழுந்து ஓடிப்போய் அவரைத் தூக்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நங்கையின் சிரிப்பும் நின்றுவிட்டது. தம்பி கூப்பிட்டும் மயிலாத்தா அன்று போரைவிட்டு எழுந்திருக்கவில்லை. மேடையில் நானும் எழுந்திருக்கவில்லை.