றோசமலர் அளந்த ஸ்பானியப் பெட்டி

பலேர்மோவின் கபோ சந்தையில் வறுத்த பூசணி விதை வாங்கப்போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. கடைக்காரன் சின்னக் கிண்ணத்தில் விதையை அள்ளி, மேலே நின்றதை உள்ளங்கையால் வழித்துத் தள்ளினான்.

“பார் பிள்ளை, கஞ்சனை!” என்றார் றோசமலர்.

“அளவெண்டா அப்பிடித்தானே, அன்ரி?” என்றாள் அமலினி.

“ஆர் சொன்னது? அளவெண்டா குவியவேணும். தலைதட்டிக் குடுக்கிறதுக்குக் குடுக்காமலே விடலாம்.”

அமலினி இரண்டடி நடந்து நின்றாள்.

“புரொபெசோரேயின்ர பெட்டியையும் குவிச்சே அளந்தனீங்கள்?”

“ஓம். பன்னிரண்டு தரமும், கோபுரம் மாதிரி. ஏன், காணாதாமோ?”

“கூடிப்போச்சு, அன்ரி.”

“கூடினா ஆருக்கு என்ன நட்டம்?”

ஆருக்கென்று அமலினிக்கு அப்போதே தெரிந்துவிட்டது. 

றோசமலர் மன்னாரிலிருந்து பலேர்மோவுக்கு வந்து ஏழு வருஷம். கிழமைக்கு மூன்று நாள் ஓய்வுபெற்ற பேராசிரியர், புரொபெசோரே கலோஜெரோவின் வீட்டைத் துப்புரவாக்குவார். “என்ர இத்தாலியன் தும்புத்தடி மாதிரி, பிள்ளை. கூட்டுறதுக்கு மட்டும் உதவும்” என்று தன்னைத்தானே நக்கலடிப்பார். கோயில் திருநாளென்றால் தமிழாக்களின் சாப்பாட்டுக்கு அரிசி அளப்பவர் அவர்தான். மிஞ்சின சோற்றை எல்லா வீடுகளும் இரண்டு நாள் தின்னும். “கை பெரிசாப்போச்சு, வெட்டவோ?” என்று கேட்டுச் சிரிப்பார்.

புரொபெசோரேக்குப் பழைய ஸ்பானிய அளவைகளில் பைத்தியம். அந்தக் காலத்தில் துணியை வாராவிலும், எண்ணெயையும் வைனையும் அறோபாவிலும், தானியத்தை ஃபனேகாவிலும் அளந்தார்கள். ஒரு ஃபனேகா விதை விதைக்கக்கூடிய நிலத்துக்கும் ஃபனேகா என்றுதான் பெயர். ஊருக்கு ஊர் அளவு மாறும். அவரிடம் இருந்தது செலமின் என்கிற மரப்பெட்டி. பன்னிரண்டு செலமின் ஒரு ஃபனேகா. புத்தகக் கணக்கில் அது ஐம்பத்தைந்தரை லீற்றர்.

அவருடைய கை முறிந்து கட்டுப்போட்டிருந்ததால், பெட்டியில் கோதுமை நிரப்பி லீற்றர்ச் சாடிக்கு மாற்றும் வேலை றோசமலருக்கு வந்தது. துணைக்குப் போன பக்கத்துவீட்டு அமலினி, அளவுகளைக் குறிக்கும் எழுத்தர். பள்ளிக்கூடத்தில் இத்தாலியனும் சனிக்கிழமைகளில் தமிழும் படித்தவள், இரண்டு மொழி தெரிந்தவள் என்ற பெருமை அவளுக்கு மூக்கு வரை இருந்தது. புள்ளிக்குப் பின்னால் இரண்டு தானம் வரை முத்து முத்தாக எழுதினாள். ஒருதரம் நிமிர்ந்து பார்த்திருந்தால் கோபுரம் கண்ணில் பட்டிருக்கும். எழுத்தின் வடிவை ரசிப்பதிலேயே நேரம் போய்விட்டது.

கூட்டிப் பார்த்தால் அறுபத்தாறு லீற்றர். புரொபெசோரே கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். ஸ்பானியர் சிசிலியை ஆண்டபோது கமக்காரரிடம் கூடுதலாகத் தானியம் பிடுங்கவென்றே பெட்டியைப் பெருப்பித்துச் செய்திருக்கிறார்கள் என்றார். சனிக்கிழமை ஒரு சங்கத்தில் உரை என்று ஆட்களையும் அழைத்துவிட்டார். பழைய வரித் தண்டல்காரர் வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது தலைதட்டியும் அளந்த கதையை அமலினிக்குச் சொன்னவரும் அவர்தான். அவளும் எல்லாம் விளங்கினமாதிரித் தலையாட்டியிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை றோசமலரின் வதிவிட அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்க வேண்டும். வேலை தருபவரின் கடிதம் இல்லாமல் அதைத் தரும் பொலிஸ் அலுவலகமான கெஸ்தூராவுக்குப் போய்ப் பயனில்லை. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியவரும் புரொபெசோரேதான். சபையில் யாராவது அளந்து காட்டி அவரைத் தலைகுனிய வைத்தால் கடிதமும் போச்சு, வேலையும் போச்சு. இப்போதே சொன்னாலும் அப்படி நடக்கலாம்.

அமலினி வீடு திரும்பும் வழியில் அன்ரியிடம் எல்லாம் சொன்னாள்; பிறகு புரொபெசோரேயிடம் ஒப்புவிக்க இரவிரவாக ஒரு பேச்சுத் தயாரித்தாள். கோதுமை ஈரத்தில் பொருமியிருக்கலாம், பழைய மரம் விரிந்திருக்கலாம் என்று மூன்று பக்கம். பிழை கோதுமையில் இருந்தது, மரத்தில் இருந்தது. அன்ரியில் இல்லை. எழுத்தரில் இல்லவே இல்லை.

அது அவளுடைய பையை விட்டு வெளியே வரவில்லை. றோசமலர் புரொபெசோரேக்கு முன்னால் பெட்டியை வைத்து, குவித்து ஒருதரம், வழித்து ஒருதரம் அளந்து காட்டி, “நான், இப்படி. பிழை, நான்” என்றார், தன் தும்புத்தடி இத்தாலியனில். மனுசன் குனிந்து சாடியின் கோட்டைப் பார்த்தார். பிறகு உரையை நிறுத்தும்படி சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார். இரண்டு கிழமை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். கடிதத்தில் மட்டும் ஞாயிற்றுக்கிழமையே கையெழுத்து வைத்துவிட்டார்.

ஆனால் அமலினிக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அதற்குச் சற்று முந்தின நேரம்தான். படியேறும்போதே அவள் தன் மூன்று பக்கத்தையும் வாய்க்குள் ஒப்புவித்துக்கொண்டு போனாள். கதவுமணியை அடிக்கமுன் றோசமலர் திரும்பினார்.

“பிள்ளை, உன்ர இத்தாலியன் வடிவுதான். ஆனா இண்டைக்கு அதை வெளியில எடாதை. என்ர பிழையை நானே சொல்லுறன். நான் கதைக்கிறதைக் கேட்டுச் சிரிப்பு வந்தா சுவரைப் பார். அவர் கத்தினா மட்டும் என்ர கையைப் பிடி, என்ன?”