சமையல்காரி எங்கே போனாள்

குடோனில் பாட்டுப் போடும் ஸ்பீக்கர் செத்துப்போன அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் குடோன் ஒன்றில் நான் சூப்பர்வைசர். மலையிலிருந்து ஜீப்பில் வந்திறங்கும் காயைப் பெண்கள் தரையில் பரப்பி, பருத்தது, சின்னது, வெடித்தது என்று கையால் பிரிப்பார்கள். பருத்த காய்க்குப் பெயர் போல்டு. பி.காம். முடித்தவள் என்பதால் எனக்குப் பெயர் டீச்சர்.

சினிமாப் பாட்டு நின்றுபோன அந்த மதியம், ஓரமாய் உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாக்கா காயிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ஏத்தா டீச்சரு, நீ மட்டும் மனசுக்குள்ள படிச்சா எங்களுக்கு எப்பிடி? வாயத் தெறந்து படி."

இவர்களுக்குக் கையும் கண்ணும் காயில் இருக்கின்றன, காது சும்மாதானே இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

முதல் புத்தகம்

அது எனக்கு மிகப் பிடித்த நாவல். ரயில்வே குடும்பம் ஒன்றின் கதை. அந்த வீட்டுச் சமையல்காரி பாதியில் சண்டை போட்டுக்கொண்டு ரயிலேறிப் போய்விடுவாள். எழுதியவர் அவளை அதோடு மறந்துவிட்டார். இவர்கள் மறக்கவில்லை.

"முடிஞ்சிருச்சா? அப்ப அந்தச் சமையல்காரி?" என்றார் பேச்சியம்மாக்கா.

"அவ அவ்வளவுதான்க்கா. அப்புறம் வரமாட்டா."

"போனவ என்ன ஆனான்னு சொல்லாம என்ன புஸ்தகம்?"

பக்கத்தில் இருந்த செல்வி விடவில்லை. "நீ மாமியாகூடச் சண்டை போட்டுட்டு தேவாரத்துல இருக்குற ஆத்தா வீட்டுக்குப் பஸ்சேறுவியே, அது மாதிரி பொழுதுசாயத் திரும்பி வந்திருப்பாக்கா."

குடோனே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு விஷயத்தை விட்டுவிட்டேன்.

விருது வாங்கிய புத்தகம்

அடுத்ததற்கு நான் யாரையும் கேட்கவில்லை. விருது வாங்கிய தடிப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். பனியும் மலையுமாகப் பக்கம் பக்கமாக வர்ணனை. இங்கே வருமுன் மலையில் பனியில் நின்று காய் எடுத்தவர்களுக்கு அதில் கேட்க என்ன இருக்கிறது? பாதிப் பேர் தூக்கத்தில் சாமியாடினார்கள், மீதிப் பேர் ஊர்க்கதை பேசினார்கள். போல்டு மூட்டைக்குள் வெடித்த காய் போய்விட்டது. வாங்கியவர் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"கதை கேக்குறது சோலியா, காய் பொறுக்குறது சோலியா?" என்றார் முதலாளி. "நாளையில இருந்து புஸ்தகம் உள்ள வரக்கூடாது."

"கதை கேட்டதால இல்லண்ணே. கதை பிடிக்காம தூங்கிட்டாங்க. முத புஸ்தகத்துக்கு ஒரு மூட்டையாவது திரும்பி வந்துச்சா?"

முதலாளி திரும்பி வந்த மூட்டையை ஒருதரம் பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு புஸ்தகம். அடுத்த லோடுல தப்பு வந்துச்சு, அத்தோட கதைக்கு முழுக்கு."

திரும்பி வந்த மூட்டையை மறுபடி கொட்டிப் பொறுக்கினோம். நானும் உட்கார்ந்தேன். கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போனது. கடைசியில் பேச்சியம்மாக்காதான் முனகினார்: "அந்தச் சமையல்காரிக்கு ஒரு வழி சொல்லாம விட்டுட்டானே எழுதுனவன்."

மூன்றாவது

மறுநாள் நூலகத்துக்குப் போனேன்.

"தலைப்பு சொல்லும்மா" என்றார் நூலகர்.

"தெரியாது சார். கோவிச்சுக்கிட்டு ரயிலேறிப் போன ஒரு சமையல்காரி."

"சமையல் புக்கா? அந்தக் கடைசி அலமாரி."

சமையல் புத்தகங்களைத் தாண்டி, அலமாரி அலமாரியாக நானே தேடினேன். மூன்றாம் நாள் மெலிந்த நாவல் ஒன்று கிடைத்தது. எழுதியவர் வேறு, ஊர் வேறு. முதல் பக்கத்தில் ஒரு பெண் துணி மூட்டையோடு ரயிலை விட்டு இறங்கி, மெஸ் வைக்க இடம் தேடுகிறாள்.

அதை வாசித்ததும் பேச்சியம்மாக்காவின் கை ஒரு கணம் நின்றது.

"இவதான். பேர மாத்திக்கிட்டா."

அப்புறம் ஒருவரும் தலை தூக்கவில்லை. லோடு போனது. மூட்டை எதுவும் திரும்பி வரவில்லை.

முதலாளி அப்புறம் புத்தகத்தைத் தடுக்கவில்லை, அதுதான் அனுமதி. தூசி தொண்டையில் இறங்கி, மாலையில் என் குரல் வெறும் காற்றாக வருகிறது. சில நாள் இதெல்லாம் நமக்கு எதற்கு என்றும் இருக்கிறது. ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒரு புத்தகத்தில் யார் பாதியில் விடுபட்டார்களோ, அவர்கள்தான் அடுத்த புத்தகத்துக்கு வழி காட்டுகிறார்கள்.

மெஸ்காரியின் கதையில் இன்னும் கொஞ்சம் பக்கங்களே மிச்சம். செல்வி இப்போதே, மெஸ்ஸில் கடன் சொல்லிச் சாப்பிட்டு ஒருநாள் காணாமல் போன லாரி டிரைவரைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்திருக்கிறாள். இந்த முறை புத்தகம் முடியும்வரை காத்திருக்கப் போவதில்லை. நாளைக்குக் காயைக் கொட்டியதும் கேட்டுவிடப் போகிறேன்: அடுத்து யார் பின்னால் போகலாம்?