கோயில் வீதியில் கேட்ட கேள்வி

சண்டிலிப்பாயில் நெடுங்காலமாகக் குடும்ப வைத்தியனாக இருக்கிறேன். சனம் என்னைக் கைராசிக்காரர் என்று சொல்லும். அது காதில் விழாத மாதிரி நடிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சனசமூக நிலையத்தில் இலவசமாக நோயாளிகளைப் பார்க்கிறேன். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது, மாத்திரையைத் தவறவிடுபவர்களையும் பிடிக்காது. "குளிசையை விட்டுட்டு என்னட்டை வராதேங்கோ" என்று சத்தம் போடுவேன். "ஓம் ஐயா" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஓமைக் கேட்க எனக்கு உள்ளூரப் பெருமை.

கந்தசஷ்டி வந்தால் எங்கள் ஊரில் பாதிப்பேர் ஆறு நாளும் விரதம். சிலருக்குப் பாலும் பழமும், சிலருக்கு வெறும் தண்ணீர். நானும் இந்த ஊர்க்காரன்தான், எனக்கு இது புதினமல்ல. ஆனாலும் நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ள ஒருவரிடமாவது விரதம் பிடிக்கிறீர்களா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் கதை வளரும், எனக்குப் பொறுமை கிடையாது.

போன வருடம் ஆறாம் நாள் சூரன்போருக்கு என்னை முன்னுக்கு நிற்க வைத்திருந்தார்கள். ஊருக்குச் செய்த சேவைக்காகச் சுவாமிக்கு முன்னால் எனக்குக் காளாஞ்சி, அதாவது வெற்றிலை பாக்குப் பழத் தட்டோடு கோயில் மரியாதை, கொடுப்பதாக ஏற்பாடு. சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பெரிய மனுசன் மாதிரி நின்றேன். சூரன் சரிந்து சனம் அரோகரா சொன்ன நேரம், பெண்கள் பக்கத்தில் ஓர் அம்மா மயங்கி விழுந்தார். என்னிடம் வெகுகாலமாகச் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுப்பவர். மகன் புகையிலைத் தோட்டம் செய்பவன்.

ஓடிப்போனேன். உடம்பு சில்லிட்டு வியர்த்திருந்தது. வாயில் சீனித் தண்ணீர் பருக்கியதும் கண் திறந்தார். சுற்றிவர ஊரே நின்றது.

"விரதத்தோடை குளிசையும் போட்டனீங்களோ?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அதட்டினேன்.

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இல்லை ஐயா, போடேல்லை."

சீனி பார்க்கும் மெஷின் காரில் இருந்தது. எடுத்துவரச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெறும் விரத மயக்கம்தான், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பால் கொடுங்கள் என்று மகனிடம் சொல்லிவிட்டுக் காளாஞ்சி வாங்கப் போனேன். கைதட்டினார்கள்.

விளக்கு வைக்கிற நேரம் மகன் என் வீட்டுக்கு மோட்டார்சைக்கிளில் வந்தான். "கூப்பிடக் கூப்பிட அம்மா எழும்புறா இல்லை, ஐயா." போய் விரலில் குத்திப் பார்த்தேன். மெஷின் காட்டிய சீனி அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. நான் எழுதிக் கொடுக்கும் குளிசை வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சீனித் தண்ணீரில் எழும்பியவர் திரும்பவும் விழுவார். வைத்தியம் படிக்கிற எவனுக்கும் தெரிந்த விசயம்.

"குளிசை போட்டவவோ?" என்று பக்கத்தில் நின்ற அவரின் மருமகளிடம் கேட்டேன்.

"ஆறு நாளும் போட்டவ. விட்டால் ஐயா ஏசுவார் எண்டு காலமை எழும்பின உடனை போடுறவ."

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வழி முழுவதும், பிழைத்துவிட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன் என்று சொல்ல ஆசை. என் பெயர் என்னாகும் என்றும் நினைத்தேன்.

பிழைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து வார்டுக்குப் போனேன். ஏன் எனக்குப் பொய் சொன்னீர்கள் என்று ஏசத்தான் போனேன். அப்போதும் எனக்கு அந்தத் திமிர் இருந்தது. அவர் படுக்கையிலிருந்து எழும்பப் பார்த்தார். படுங்கோ என்றேன்.

"ஐயா கோவிக்கக் கூடாது," என்றார், குரலைத் தணித்து. "அத்தினை சனத்துக்கு முன்னாலை ஓமெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. உங்கடை குளிசையாலைதான் விழுந்தனான் எண்டு கதைச்சிருப்பினம். உங்களைக் கௌரவிக்கிற நாள் அண்டைக்கு."

என் பெயரைக் காப்பாற்ற அவர் சாகப் பார்த்திருக்கிறார். நானோ அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு காளாஞ்சி வாங்கப் போயிருக்கிறேன். என்னில்தான் பிழை என்று சொல்ல வாய் திறந்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

மகன் வாசல்வரை கூட வந்தான். "ஐயா இல்லாட்டி அம்மா எங்களுக்கு இல்லை" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். நான் தலையாட்டினேன். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.