ஒட்டுப்பால் உருண்டை

சோற்றில் மீன்குழம்பை ஊற்றும்போது மகள் கைப்பேசியை நீட்டினாள். இளம் நட்சத்திரம் ஒன்றைச் சுற்றி வட்டமாய்த் தூசி.

"இந்தத் தூசி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, உருண்டு, கல்லாகும்பா. நம்ம பூமியும் இப்பிடி வந்ததுதான்."

ஒட்டுப்பால் நாற்றம் என் மூக்கில் ஏறியது.

நான் சிறுவனாக இருந்தபோது திற்பரப்புப் பக்கம் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் உறைந்து ஒட்டியிருக்கும் மிச்சப் பால்தான் ஒட்டுப்பால். அதை நாடாவாக இழுத்து நானும் அக்காவும் ஆளுக்கொரு பந்து சுற்றினோம். செத்த எலி நாற்றம். முற்றத்தில் உருட்டினால் மண், கோழி இறகு, கட்டெறும்பு, அப்பா வெட்டிப்போட்ட கால்நகம் எல்லாம் ஒட்டும். அதன்மேல் அடுத்த சுற்று.

ஒருநாள் சண்டையில் என் பந்தை அவள் பந்தின்மேல் ஓங்கி அடித்தேன். வெயிலில் இளகி இரண்டும் ஒன்றாகிவிட்டன. பிரித்தெடுக்கப் பல்லால் கடித்து இழுத்தேன். நாக்கில் நகம் தட்டுப்பட்டது.

"ஏலே, அதக் கொண்டு தூரக் களயிலே!" அம்மா கத்தினாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"கடைசியா ரெண்டு பெரிய உருண்டை மோதி ஒண்ணாச்சாம்பா," என்றாள் மகள். "அதுக்க மேலதான் நாம இருக்கோம்."

தட்டைத் தள்ளிவிட்டு, தரையிலிருந்த கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன்.