பார்க்கலாம் சாரின் குதிகால்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பார்க்கலாம் சார்’. வைத்தவர்கள் ஒன்றும் பொல்லாதவர்கள் இல்லை, உள்ளதைத்தான் வைத்தார்கள். இந்தப் பெட்டி நாளைக்குள் ஆகுமா என்று கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார். ஆகாது என்று அர்த்தம். கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும் சார் என்றாலும் ‘பார்க்கலாம்’தான். வரமாட்டார். ஐம்பத்திரண்டு வயதுக்குள் ஒருவரிடமும் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று அவர் சொன்னதில்லை. அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

வேலையில் மனுஷர் கெட்டி. அட்டையை வெட்டும் அச்சைச் செய்வது அவர் வேலை. ஒட்டுப்பலகையில் கோடு கோடாக அறுத்து, அந்தப் பிளவுகளில் எஃகுத் தகடுகளைத் தட்டி இறக்க வேண்டும். வெட்ட வேண்டிய இடத்துக்குக் கூரான தகடு, மடிக்க வேண்டிய இடத்துக்கு மொண்ணைத் தகடு. அரை மில்லிமீட்டர் பிசகினால் பெட்டியின் மூடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இருபத்தாறு வருடத்தில் அவர் செய்த அச்சில் அப்படி ஒரு மூடி நின்றதில்லை. பேச்சு என்று வந்தால் மட்டும் வெட்ட வேண்டிய இடத்திலெல்லாம் மடித்துவிடுவார்.

எல்லோருக்கும் புரிந்த அந்த வார்த்தை ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் கடைசிவரை புரியவில்லை. அவருடைய மச்சானுக்கு. மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், தொழிற்சாலைக்கு முதலாளியும் அவர்தான். எட்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் தோளில் கை போட்டுக்கொண்டு, “மாப்ள, சனிக்கிழமை காலைல டென்னிஸ் ஆட வர்றியா? என்கூட ஜோடி சேர ஆள் இல்ல” என்று கேட்டார். இவர் வழக்கம்போல “பாக்கலாம் மச்சான்” என்றார். “சபாஷ்! அப்ப கோர்ட்டுலயே பாக்கலாம்!” என்று முதுகில் ஒரு போடு போட்டுவிட்டு மச்சான் போய்விட்டார். அவருடைய அகராதியில் பார்க்கலாம் என்றால் நேரில் பார்க்கலாம். முடிந்தது கதை.

எட்டு வருடம். சனிக்கிழமை தோறும் எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆடிட்டரும் ஒரு பல் டாக்டரும், இந்தப் பக்கத்தில் வலைக்கு முன்னால் மச்சான், பின்கோட்டில் இவர். பந்து ஒன்று தவறிவிட்டால் போதும். “ஏய், என்னய்யா பண்ற! கண்ணு எங்கய்யா இருக்கு!” என்று மச்சான் போடுகிற சத்தத்தில் பக்கத்துக் கோர்ட்டில் ஆட்டம் நின்றுவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். ஆட்டம் முடிந்ததும் மச்சானுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. “இன்னிக்கு நல்லா ஆடுன மாப்ள” என்று டீயைக் கையில் கொடுப்பார். இவர் அந்த டீயைப் பாதியிலேயே வைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை மத்தியானமே, நாளைக்கு மழை வராதா என்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

பத்து மாதத்துக்கு முன் ஒரு பந்தை விரட்டிக் காலை ஊன்றியபோது, பின்னாலிருந்து யாரோ குதிகாலில் ஓங்கி உதைத்தது போல இருந்தது. தான்தான் யார் மீதோ இடித்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பி “சாரி” என்றார். பின்னால் ஈ காக்கை இல்லை. குதிகால் நரம்பு, டாக்டர் பாஷையில் தசைநார், அறுந்திருந்தது. மச்சான் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்து, இவரைக் குழந்தையைப் போலக் கையில் ஏந்திக் காருக்குத் தூக்கிப்போனார். ஆபரேஷன் முடிகிறவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார். அதுதான் கொடுமை. ஆள் கெட்டவராக இருந்தால் ஒரே போடாகப் போட்டுவிட்டு விலகிவிடலாமே. நல்லவரிடம் மாட்டிக்கொண்டவன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வெளியே சொன்னால் வெட்கக்கேடு, ஆனாலும் உண்மை. அந்தப் பத்து மாதம் போல அவர் நிம்மதியாக இருந்ததே இல்லை. காலில் கட்டோடு சனிக்கிழமை காலை எட்டு மணிவரை புரண்டு படுப்பார். எழுந்து, செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிப்பார். மனைவி, “கால் உடைஞ்ச மனுஷனுக்கு முகத்துல இவ்வளவு களையா?” என்று கேலி செய்வாள். அவர் கண்டுகொள்ளமாட்டார்.

கால் அவரைக் கேட்டுக்கொண்டா ஆறும்? போன புதன்கிழமை பிசியோதெரபிப் பெண் அவரை ஒற்றைக்காலில் இருபத்தைந்து தடவை எக்கி நிற்கவைத்து எண்ணினாள். பிறகு, “சூப்பர் சார், இனிமே தாராளமா விளையாடலாம்” என்றாள். மச்சான் அதே அறையில், எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பார்க்கலாம் சாரின் முகத்தில் ஈயாடவில்லை.

ஷூ மட்டும் பழையது கூடாது என்று அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிடப் பத்து மில்லிமீட்டராவது உயரமாக இருக்கணும், அப்போதுதான் நரம்பு இழுபடாது. குதிகாலைச் சுற்றிக் கெட்டியாகப் பிடிக்கணும், ஆனால் மேல் விளிம்பு தையல் போட்ட இடத்தில் உரசக்கூடாது. ஓட்டத்துக்கான ஷூ வேண்டாம், பக்கவாட்டில் திரும்பினால் காலை வாரிவிடும். சாயங்காலமாகப் போங்க, பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்தால்தான் அளவு சரியாக இருக்கும்.

“நாளைக்கே போயிடலாமா மாப்ள?” என்றார் மச்சான்.

“பாக்கலாம் மச்சான்.”

“ரைட்டு. அஞ்சு மணிக்கு ரெடியா இரு.”

கடையில் சுவர் முழுக்க ஷூக்கள். விற்கிற பெண் நாலைந்து ஜோடிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். பார்க்கலாம் சார் சட்டைப்பையிலிருந்து தன் எஃகு அளவுகோலை எடுத்தார். ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் குதிகால் தடிமன் எவ்வளவு, முன்பாதத் தடிமன் எவ்வளவு என்று அளந்து அளந்து கீழே வைத்தார். மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. “பாரும்மா, அளவுன்னு வந்தா எங்க மாப்ளய அடிச்சுக்க ஆளே கிடையாது” என்று அவளிடம் சொல்லிவிட்டு, பந்து வாங்க அடுத்த பக்கம் போனார்.

முதல் ஜோடியில் வித்தியாசம் பன்னிரண்டு மில்லிமீட்டர். இரண்டாவது பத்து. மூன்றாவதை இரண்டு தடவை அளந்தார். நாலே நாலு. ஏறக்குறையத் தட்டை. பின்விளிம்பும் விறைப்பாக இருந்தது, தையல் போட்ட இடத்திலேயே போய் உட்காரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவை அறுந்தால் டாக்டரே ஆடாதே என்று சொல்லிவிடுவார். இவர் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. இப்படி ஒரு யோசனை தனக்கு வந்ததில் அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஷூவைக் கீழே வைக்கவில்லை.

“இதுவே இருக்கட்டும்மா. நல்லா வசதியா இருக்கு.”

அந்தப் பெண் அவர் காலைப் பார்த்தாள். சாக்ஸுக்கு மேலே தழும்பின் நுனி தெரிந்தது. “சார், இது ஆபரேஷன் ஆன கால்தானே? இது உங்களுக்கு ஆகாது. நீங்களே அளந்து பாத்தீங்களே” என்றாள். அவர் அளவுகோலைச் சட்டைப்பைக்குள் செருகினார். அவள் குரலைத் தாழ்த்தி, “தெரிஞ்சேதான் எடுக்கறீங்களா?” என்றாள். அதற்குள் கையில் பந்து டப்பாவோடு மச்சான் வந்துவிட்டார்.

“என்னம்மா ஆகாது?”

அவள் விஷயத்தைச் சொன்னாள். மச்சான் பதறிவிட்டார். “ஐயையோ, நல்லவேளை சொன்ன தாயி! இருக்கறதுலயே காலுக்குப் பத்திரமானது எதுவோ அத எடு” என்றார். பிறகு கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதலாளி என்கிற நினைப்பே இல்லாமல், பன்னிரண்டு மில்லிமீட்டர் ஷூவைத் தானே மாப்பிள்ளைக்கு மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டினார். “இறுக்குதா? உரசுதா? குதிச்சுப் பாரு.” பார்க்கலாம் சார் குதித்தார். எங்கேயும் இறுக்கவில்லை, எங்கேயும் உரசவில்லை.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது மச்சான் தங்கையைக் கூப்பிட்டுக் கடையில் நடந்ததையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். “உன் வீட்டுக்காரரு அளவுகோல வச்சு அளந்து, போயும் போயும் தப்பானதையே எடுத்தாரு பாரு!” கார் தெருமுனை திரும்புகிறவரை அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தியதும் சிரிப்பு போய்விட்டது.

“நீங்க அளவுல தப்புப் பண்ண மாட்டீங்க” என்றாள்.

அவர் ஷூ டப்பாவை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

“எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? வெள்ளிக்கிழமை ராத்திரி தட்டுல பாதிச் சோறு அப்படியே கெடக்கும். நீங்களா சொல்லட்டும்னு எட்டு வருஷமா இருந்தேன். ஒரு வார்த்தை சொல்றதுக்குப் பதிலா கால அறுத்துக்கலாம்னு போயிருக்கீங்களே, உங்களுக்குப் புத்தி இருக்கா?” குரல் உடைந்தது. “மறுபடி படுத்தா யாருங்க தூக்கிவிடறது? நான்தானே?”

“அண்ணன்கிட்ட நீ பக்குவமா எடுத்துச் சொல்லேன்.”

“நான் சொல்லமாட்டேன். உங்க கால், உங்க வாய்.” அண்ணன் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரையும் போட்டு, போனை அவர் கையில் திணித்தாள்.

“சொல்லு மாப்ள!”

“மச்சான்... நான் இனிமே டென்னிஸுக்கு வரல.”

சொல்லியேவிட்டார். அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

“ஏன் மாப்ள? கால் வலிக்குதா?”

ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அவள் முறைத்தாள்.

“இல்ல மச்சான். கால் நல்லாத்தான் இருக்கு. எனக்கு இஷ்டமில்ல. நீங்க எல்லார் முன்னாடியும் கத்துறீங்க. எனக்கு அவமானமா இருக்கு.”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தார். போகவில்லை.

“அவ்வளவா கத்துறேன்?”

“ஆமா மச்சான்.”

“ஆடிட்டரும் அதேதான் சொன்னாரு.” மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நீ படுத்ததுக்கப்புறம் ஒவ்வொருத்தரா கேட்டுப் பாத்தேன் மாப்ள. என்கூட ஜோடி சேர ஒருத்தனும் வரல. அவங்க வேற ரெண்டு பேரச் சேத்துக்கிட்டாங்க. நான் சனிக்கிழமை தவறாமப் போயி, பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு வருவேன். வீட்டுல ஆடிட்டு வந்தேன்னு சொல்லுவேன். தங்கச்சிகிட்ட சொல்லிடாத, சிரிப்பா.”

தங்கச்சி பக்கத்திலேயே நின்றிருந்தாள். சிரிக்கவில்லை.

“சரி விடு மாப்ள. இஷ்டமில்லாத மனுஷன இழுத்துட்டுப் போக நான் யாரு? இத முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார் மச்சான். கோபமே இல்லை.

அவ்வளவுதான். விடுதலை. வைத்துவிடுங்கள் என்று மனைவி கையால் சைகை காட்டினாள். அவர் விரல் பட்டன் மேலேயே நின்றது. அந்தப் பக்கம் மச்சானும் போனை வைக்கவில்லை. பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிற மச்சான் இவர் கண்ணுக்குள் வந்து நின்றார்.

“பழைய நேரந்தானா மச்சான்?”

“எது?”

“சனிக்கிழமை.”

“ஏழு” என்றார் மச்சான், கேள்வி முடிவதற்குள். பிறகு அவசரமாக, “கத்தமாட்டேன் மாப்ள. சத்தியமா.”

கத்துவார். அது அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும், நடுவில் நின்றவளுக்கும் தெரியும். அவள் போனை வாங்கி வைத்தாள். “உங்கள...” என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

பார்க்கலாம் சார் புது ஷூவை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து, பிசியோ சொல்லிக்கொடுத்தபடி ஒற்றைக்காலில் எக்கிப் பார்த்தார். ஐந்து தடவை. பத்து தடவை. எங்கேயாவது ஓர் ஓரத்தில் சுருக்கென்று வலிக்காதா என்று தேடித் தேடிப் பார்த்தார். வலியே இல்லை. அவர் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு அழுதார்.