இரவல் அலுமாரி

கம்பளை வரைக்கும் ரயில் வந்ததும் என் கணவரின் வண்டிகளுக்கு வேலை இல்லாமல் போனது. அதுவரை தோட்டங்களின் கோப்பி மூட்டைகளைக் கண்டிக்குக் கொண்டுபோனவை அவருடைய மாட்டு வண்டிகள்தான். இனித் தண்டவாளம் எட்டாத மேல்மலைக்குப் போனால்தான் பிழைக்கலாம் என்றார். போவதென்றால் வீட்டை விற்க வேண்டும்.

வீடு மகாவலி ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு முந்தின வருஷ மழையில் ஆறு உள்ளே வந்து, இரண்டு நாள் நின்று, போகும்போது நான்கு சுவர்களிலும் இடுப்பளவு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்தேன். மூன்றாம் நாள் கோடு எட்டிப் பார்த்தது. மறுபடியும் அடித்தேன். கை வெந்து தோல் உரிந்ததுதான் மிச்சம். மற்றச் சுவர்களில் ஒருவழியாக அடங்கியது. கூடத்துப் பெரிய சுவரில் மட்டும் அடங்கவே இல்லை.

வீடு பார்க்க ஆட்களைக் கூட்டிவர ஒரு தரகரைப் பிடித்தார் என் கணவர். அந்த மனிதர் வாசலில் நின்றபடியே என் வீட்டில் எனக்குச் சட்டம் போட்டார். கருவாடு பொரிக்கக் கூடாது. கொடியில் துணி தொங்கக் கூடாது. மாடுகளை ஆற்றங்கரையில் கட்ட வேண்டும். முஸ்லிம் ஆட்கள் வந்தால் கூடத்து மாடத்தில் இருக்கும் முருகன் வேலையும் விளக்கையும் எடுத்துவிட வேண்டும், நம்மவர்கள் வந்தால் திரும்ப வைக்க வேண்டும். சாமியைத் தூக்கிக்கொண்டு நான் எத்தனை தடவை அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்திருப்பேன் என்று அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

எப்போது வருவார்கள் என்றும் சொல்லமாட்டார். ஒருநாள் பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்த நேரம் படலைத் திறக்கும் சத்தம் கேட்டது. சோற்றுப் பானையோடு நான் மாட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். பிள்ளைகள் கழுவாத கையோடு பின்னால் வந்தார்கள். வந்தவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பெரிய சுவருக்கு வழி சொன்னதும் தரகர்தான். நாடு திரும்பும் ஒரு துரையின் பங்களாச் சாமான்கள் அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் இருந்தன. அதிலிருந்து ஆளுயரக் கண்ணாடி வைத்த அலுமாரி ஒன்றும் நான்கு கதிரைகளும் இரவலாக வந்தன. அலுமாரியை அந்தச் சுவரோடு ஒட்டி வைத்தார்கள். இரண்டு பக்கமும் கோடு தெரியாமல் கதிரைகளைப் போட்டார்கள். அவற்றில் உட்கார எங்களுக்கு அனுமதி இல்லை.

அடுத்து வந்தவர் வத்தேகமயில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி. மனைவியும் கூட வந்திருந்தார். ஆண்கள் முற்றத்தைப் பார்க்கப் போனார்கள். அந்த அம்மா கூடத்தில் என்னோடு நின்றார். வீட்டைவிட அலுமாரிதான் அவருக்குப் பிடித்துப்போனது. கண்ணாடியில் முக்காட்டைச் சரிசெய்தார். கதவைத் திறந்தார். உள்ளே ஒரு துணிகூட இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தோளைக் கொடுத்து அதை ஒரு சாண் நகர்த்தினார். வெறும் அலுமாரிதானே, சுலபமாக நகர்ந்தது.

கோட்டின் மேல் விரலை வைத்து, என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"பொய் சொல்லாம சொல்லுங்க தங்கச்சி. தண்ணி எது மட்டும் வந்திச்சு?"

யாராவது கேட்டால் உப்புப் பூத்த சுவர் என்று சொல்லும்படி என் கணவர் எனக்குப் பாடம் சொல்லியிருந்தார். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. உண்மை பேச வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் அதை விழுங்கினேன் என்று சொல்லமாட்டேன். எனக்கு அலுத்துப் போயிருந்தது. கையை என் இடுப்பில் வைத்துக் காட்டினேன்.

அவர்கள் வீட்டை வாங்கவில்லை. போகும்போது அலுமாரியை மட்டும் தருவீர்களா என்று கேட்டார்கள். அது எங்களுடையதல்ல என்று தரகர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஆட்கள் போனதும் என் கணவர் உள்ளே வந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா ஒனக்கு?"

"நீங்க அந்தச் செவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிருந்தா ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும்," என்றேன்.



அதற்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். மாதக்கணக்கில் நான் பெருக்கினேன், மறைத்தேன், எடுத்து வைத்தேன், பிள்ளைகளுக்குக் கொட்டகையில் சோறு போட்டேன். கடைசியில் வாங்கியவர் ஓர் அரிசி வியாபாரி. அவர் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. முற்றத்தில் வண்டி திரும்ப இடம் காணுமா என்று நடந்து பார்த்தார். சுவர்களை இடித்து, அத்திவாரத்தை உயர்த்தி, அரிசி மூட்டைகளை அடுக்கக் கிட்டங்கி கட்டப் போவதாகச் சொன்னார். பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்தது.

என் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். இடிக்கப்போகிற வீட்டுக்காக அத்தனை மாதம் என் பிள்ளைகளைக் கொட்டகையில் வைத்துச் சோறு போட்டேனே என்று நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது.

மறு வாரம் இரவல் சாமான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு மேல்மலைக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் அவர் புது இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பக்கத்தில் ஆறு இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.