தேஜஸுக்காகப் படுத்திருந்த கோன்

ஐரினிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் விவேக் நகரில் மட்டும் அறுநூறு பேராவது இருப்பார்கள். அத்தனை பேரும் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். "கிளட்ச்சு, கிளட்ச்சு! கால வீட்லயே வுட்டுட்டு வந்தியா?" என்று அவள் போடும் சத்தம், குழந்தை ஏசு கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்பவர்கள் வரைக்கும் கேட்கும். மூக்கின் நுனியில் கோபம் என்று அவளைச் சொல்வார்கள். நாற்பத்து மூன்று வயதில் அந்த வேலையைச் செய்துபார்த்தால் தெரியும், கோபம் எங்கிருந்து வருகிறது என்று.

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் இடதுபக்கத்தில் இன்னொரு கிளட்ச்சும் இன்னொரு பிரேக்கும் வைத்திருப்பார்கள். ஆக்ஸிலரேட்டர் வைப்பதில்லை. காலை ஆறரைக்கு ஏறி உட்கார்ந்தால் மாலை ஆறு வரைக்கும், பன்னிரண்டு வருடங்களாக, அடுத்தவர் ஓட்டும் வண்டியை நிறுத்துவதுதான் அவள் பிழைப்பு. ஆட்டோ குறுக்கே வந்தால் நிறுத்த வேண்டும், நாய் வந்தால் நிறுத்த வேண்டும், வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வரும் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டால் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். இரவில் தூங்கும்போதுகூட அவள் வலது கால் மெத்தையை அழுத்தும் என்று கணவன் ஆண்ட்ரூ சொல்லிச் சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது.

அப்படிப்பட்டவளை, அவளிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண் நாலு வருடத்துக்கு முன்னால் ஆட்டோகிராஸ் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய வெட்டவெளி. போக்குவரத்துப் போலீஸ் சாலையில் வைப்பார்களே, ஆரஞ்சு நிறக் கூம்பு, அந்தக் கோன்களை வரிசையாக வைத்து ஒரு வளைந்த பாதை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு காராக விடுவார்கள். குறைந்த நேரத்தில் முடிப்பவர் ஜெயித்தவர். கோனை இடித்தால் இரண்டு நொடி கூடும். ஐரின் அன்றைக்கு யாரோ ஒருவருடைய காரில் ஒரே ஒரு சுற்று ஓட்டினாள். இறங்கும்போது, இத்தனை வருடங்களாக இதையா எனக்குக் கொடுக்காமல் வைத்திருந்தீர்கள் என்று யாரையாவது சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும்போல இருந்தது.

பயிற்சிப் பள்ளி கழித்துக்கட்டிய ஆல்ட்டோவை வாங்கி, இடதுபக்கப் பெடல்களைப் பிடுங்கிப்போட்டாள். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. அதற்காகச் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விடுவாள். ஆனால் போட்டி என்றால் ஆளுக்கு மூன்றே ஓட்டம். ஒன்று பழகிக்கொள்ள, இரண்டு கணக்குக்கு. மூன்று முறை ஒரு நிமிடம்கூட ஆகாமல் ஓடிவிட்டு, மறுபடியும் இரண்டு மாதம் நாய்க்கும் ஆட்டோவுக்கும் பிரேக் போட வேண்டும். அதனால் ஒரு ஓட்டம் கூடுதலாகக் கிடைக்குமா என்று அவள் அலையாத அலைச்சல் இல்லை. விடிவதற்குள் போய்க் கோன்களை அடுக்குவாள், பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை ஓட்டச் சொல்வார்கள் என்று. எல்லாரும் போன பிறகும் நின்று கோன்களைப் பொறுக்குவாள், நேரம் மிஞ்சினால் கொடுப்பார்கள் என்று. பத்து முறை நின்றால் ஒருமுறை கிடைக்கும். "அடுத்த தடவ பாக்கலாம் மேடம்" என்பார் போட்டியை நடத்தும் கிளப்பின் செயலாளர் சாமிநாதன். அரசாங்கத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் பகைத்துக்கொள்ளாமலே ஓய்வு வரைக்கும் வந்துவிட்ட மனிதர்.

இந்த ஏப்ரல் போட்டிக்கு ஒரு விசேஷம் இருந்தது. சின்னக் கார் பிரிவில் ஜெயிக்கும் ஒருவரைக் கிளப் தன் செலவில் சென்னைப் பக்கத்து ரேஸ் டிராக்குக்கு அனுப்பும். இரண்டு நாள் முழுக்கப் பயிற்சி. ஐரின் ஒரு மாதமாக வேறு நினைப்பில்லாமல் இருந்தாள். சோற்றில் உப்பு இல்லை என்று ஆண்ட்ரூ சொன்னால், "கம்முனு சாப்புடு" என்றாள்.

அவளுக்கு எதிரே நிஜமாக நின்றவன் ஒருவன்தான். தேஜஸ், இருபத்தாறு வயது. அப்பாவுக்கு மனை விற்கும் தொழில். போட்டி நாளில் பந்தலும் சாப்பாடும் அவர் உபயம். தேஜஸ் நன்றாகத்தான் ஓட்டுவான், அதை ஐரின் மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு மட்டும் எப்போதும் ஐந்து, ஆறு ஓட்டம் அமைந்துவிடும். எப்படி என்று போன பிப்ரவரியில்தான் அவள் கண்டுபிடித்தாள்.

ஆட்டோகிராஸில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போன கார் இடித்த கோன் நிமிர்த்தப்படாமல் பாதையில் கிடந்தால், பின்னால் வருகிறவர் அங்கேயே நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அந்தக் கோனைக் காட்ட வேண்டும். தவறு அவருடையது இல்லை என்பதால் மறுபடி ஓட விடுவார்கள். கோன்களை நிமிர்த்தவென்று ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் ஆள் கொடியோடு நிற்பார், மார்ஷல் என்று பெயர். பாதிப்பேர் ஓட்டும்போது மீதிப்பேர் நிற்பது ஏற்பாடு. தேஜஸ் ஓட்டும்போது ஐந்தாவது திருப்பத்தில் நிற்பது எப்போதும் அவன் சிநேகிதன் ரவிக்குமார். தேஜஸ் கிளம்பியதும் ரவிக்குமார் ஒரு கோனைக் காலால் மெல்லச் சாய்த்து வைப்பான். ஓட்டம் நன்றாக வந்தால் தேஜஸ் நிற்காமல் போய்விடுவான், ரவிக்குமாரும் வாயைத் திறக்க மாட்டான். சொதப்பினால் நிறுத்திக் கையை நீட்டுவான். இன்னொரு ஓட்டம். ஆறாவது திருப்பத்தில் கொடியோடு நின்ற ஐரின் இதைக் கண்ணால் பார்த்தாள். சாமிநாதனிடம் சொன்னாள். "ப்ரூஃப் இருக்கா மேடம்?" என்று கேட்டுவிட்டு அவர் தேஜஸின் அப்பா அனுப்பிய பிரியாணியைச் சாப்பிடப் போனார். ஒரு ஓட்டத்துக்காகத் தான் நாலு வருடம் கோன் பொறுக்கியதும், இவன் ஒரு கோனைப் படுக்கவைத்தே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டதும் நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

சந்தாபுரா தாண்டி, அத்திபெலே போகும் சாலையில், லாரிகள் நிறுத்தும் மைதானத்தில்தான் போட்டி. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு லாரிகள் வந்துவிடும், அதற்குள் காலி செய்ய வேண்டும். பதினொன்றரை மணிக்குத் தேஜஸ் 49.2 நொடியில் நின்றான். ஐரின் 49.8. இரண்டு பேருக்கும் கடைசி ஓட்டம் பாக்கி. தேஜஸ்தான் முதலில் போக வேண்டும். டயரில் காற்றைச் சரிபார்க்க வேண்டும் என்று அவன் வரிசையைவிட்டு விலகினான். ஐரினை முன்னால் போகச் சொன்னார்கள்.

போனில் மூழ்கியிருந்த ரவிக்குமாருக்கு இந்த மாற்றம் தெரியவில்லை. கிளம்பும் விசில் கேட்டது, வழக்கம்போலக் கோனைச் சாய்த்துவிட்டான்.

ஐரினுக்கு அது அவள் வாழ்நாளிலேயே நல்ல ஓட்டம். நாலாவது திருப்பத்தில் வண்டி சொன்னபடி கேட்டது. ஐந்தாவதில் திரும்பினால் எதிரே கோன் படுத்திருக்கிறது. நிறுத்தினாள், கையை நீட்டினாள். ரவிக்குமார் நிமிர்ந்து பார்த்தான். வந்திருப்பது பழைய ஆல்ட்டோ என்று புரிந்ததும் ஓடிவந்து கோனை நிமிர்த்தி வைத்து, இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"எந்தக் கோன் ஆண்ட்டி? எல்லாம் நின்னுக்கினுதானே இருக்குது?"

சாமிநாதன் வந்தார். கோன்களைப் பார்த்தார். ரவிக்குமாரைக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோன் எதுவும் விழலன்னு மார்ஷல் சொல்றாரு மேடம். அவர் சொல்றதுதான் ஃபைனல். நீங்களா நிறுத்தினதாதான் எழுத முடியும்" என்றார்.

"நீங்க அவன் காலப் பாத்தீங்களா சார்? ஷூவுல ஆரஞ்சு கலர் ஒட்டிக்கினு இருக்குது."

"மேடம், ப்ளீஸ். வண்டிய எடுங்க. டைம் ஆகுது."

ஐரின் இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டாள். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக் கதவுகளைப் பூட்டினாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பாதையின் நட்டநடுவில் அப்படியே உட்கார்ந்தாள்.

நின்ற வண்டியில் உட்காருவதைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஏப்ரல் வெயில் கூரையைச் சுட்டது. கழுத்திலிருந்து முதுகு வரைக்கும் வியர்வை வழிந்தது. பின்னால் இன்னும் ஒன்பது கார்கள் காத்திருந்தன. ஆண்ட்ரூ தண்ணீர் பாட்டிலோடு வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"வுட்டுடு ஐரின். வீட்டுக்குப் போலாம். இவங்களோட என்னா சண்ட?"

கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, "நீ வேணும்னா பஸ் புடிச்சிப் போ" என்றாள். பாட்டிலை வாங்கிக்கொள்ளவும் இல்லை.

அடுத்துத் தேஜஸே வந்தான். குனிந்து, சிரித்த முகத்தோடு, "ஆண்ட்டி, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி. எல்லாரும் வெயிட் பண்றாங்க" என்றான். கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று, இந்தக் கன்னட ஊரில் பிறந்த நாளிலிருந்து அவள் கேட்டுவரும் வார்த்தை அது. பஸ்ஸில் நெருக்கி உட்காருகிறவர் சொல்வார், வாசலை மறித்து வண்டி நிறுத்துகிறவர் சொல்வார். அட்ஜஸ்ட் செய்யச் சொல்கிறவர் ஒருநாளும் அட்ஜஸ்ட் செய்து அவள் பார்த்ததில்லை.

"உனுக்கு இன்னிக்கி எத்தன ரன்னு ஆச்சி?" என்று கேட்டாள்.

தேஜஸ் வரிசையில் நின்ற கார்களைத் திரும்பிப் பார்த்தான்.

"அஞ்சு. எனுக்கு ரெண்டு. அஞ்சு ஓட்டிதான் நீ அர செகண்டு முன்னால நிக்கற. போ, அந்தாண்ட."

பன்னிரண்டு மணிக்கே கேட்டுக்கு வெளியே முதல் லாரி வந்து ஹாரன் அடித்தது. ஐந்து நிமிடத்தில் இன்னும் இரண்டு. காத்திருந்தவர்களில் சிலர் ஐரினைத் திட்டினார்கள். சிலர் ரவிக்குமாரின் ஷூவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் சத்தமாகவே, "போன தடவையும் இதே டர்னிங்தானே?" என்றார். சாமிநாதன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி வந்தார்.

"சரி மேடம். ரீ-ரன் எடுத்துக்குங்க."

"சும்மா குடுக்காதீங்க சார். பிச்ச வாங்க வரல நானு. கோன் கீழ கெடந்துச்சின்னு ஷீட்ல எழுதுங்க. அவன அந்த எடத்துலேருந்து எடுங்க."

எழுதினார். எழுதியதைக் கண்ணாடி வழியாகக் காட்டினார். ரவிக்குமார் கொடியைத் தரையில் வீசிவிட்டுப் பந்தலுக்குப் போனான். முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

அந்த ஓட்டத்தை ஐரின் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். கோபம் கண்ணை மறைக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவளுக்கு அன்றைக்கு ஒவ்வொரு கோனின் அழுக்கும் தனித்தனியாகத் தெரிந்தது. 48.9.

தேஜஸின் ஓட்டம் மட்டும்தான் இனி அவளுக்குக் கணக்கு. ஐந்தாவது திருப்பத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று சாமிநாதன் கூப்பிட்டார். அந்த வெயிலுக்குப் பந்தலைவிட்டு ஒருவரும் எழவில்லை. ஐரின் போய்க் கொடியை எடுத்தாள். போட்டியாளர் நிற்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை, நாலு வருடமாக அவள் நின்றுகொண்டுதானே இருந்தாள்.

தேஜஸ் வேகமாக வந்தான். நாலாவது திருப்பத்தில் அகலமாகப் போய்விட்டான், பின்பக்கம் இழுத்தது. ஐந்தாவதில் காரை நிறுத்தினான். ஜன்னல் வழியாகக் கை வெளியே வந்து, தானாகவே நீண்டது.

எல்லாக் கோன்களும் நேராக நின்றன. ஐரின் அவற்றுக்குப் பக்கத்தில் நின்றாள். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பந்தலில் யாரோ சிரித்தார்கள்.

சாமிநாதன் ஓடிவந்தார். "அங்கிள், ஏதோ விழுந்த மாதிரி தெரிஞ்சது. ஒரே ஒரு ரன். ஆண்ட்டிக்குக் குடுத்தீங்க இல்ல?" என்றான் தேஜஸ். அவர் கேட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் ஐரினைப் பார்த்தார்.

"குடுங்க சார்" என்றாள் ஐரின். "தாராளமா குடுங்க. எனுக்குக் குடுத்த மாதிரியே குடுங்க. வண்டிய ஆஃப் பண்ணி, கண்ணாடிய ஏத்திக்கினு, ஹெல்மெட்டக் கழட்டாம முப்பத்தஞ்சு நிமிஷம் உக்காரச் சொல்லுங்க. அப்பறம் வுடுங்க. நானே கொடி காட்றேன்."

தேஜஸ் அவளை முறைத்தான். சட்டென்று இன்ஜினை அணைத்துக் கண்ணாடியை ஏற்றினான். நாலாவது நிமிடம் ஏசிக்காக இன்ஜினைப் போட்டான். ஐந்தாவது நிமிடம் பாதையைவிட்டு வெளியேறி, லாரிகளுக்கு நடுவே புகுந்து சாலைக்குப் போய்விட்டான்.

மீதிக் கார்களும் ஓடி முடிந்ததும் சாமிநாதன் காகிதத்தில் ஐரின் பெயரை எழுதினார். "கங்கிராட்ஸ் மேடம். ரெண்டு நாள், சென்னைல."

"ஒரு நாளைக்கி எத்தன ரன்னு சார்?"

"அங்க கணக்கே கெடையாது மேடம். பெட்ரோல் இருக்கற வரைக்கும் ஓட்டலாம். யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டாங்க."

 இந்த மனிதர் முன்னால் போய் அழுவதா என்று நினைத்ததும் அதற்கும் ஐரினுக்குக் கோபம்தான் வந்தது.

"அப்பறம் என்னா பாத்துக்கினு நிக்கறீங்க?" என்று கத்தினாள். "லாரிக்காரன் ஹாரன் அடிக்கறது காதுல வுழல? நாலு வருஷமா நான் பொறுக்கினேன், இன்னிக்கி நீங்க பொறுக்குங்க!"

சாமிநாதன் சட்டைக் கையை மடித்துவிட்டு முதல் கோனை எடுக்கக் குனிந்தார்.